கம்பத்தில் யாரும் மோதாத ஊர்

சிக்னல் சிவப்பில் இருந்தது. லுப்பர்ட் சைக்கிளில் அதைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, ஒரு நகைச்சுவை சொல்லி, தானே சிரித்து, பின்னால் யாரும் சிரிக்காததால் திரும்பிப் பார்த்தார். மூன்று பேரும் அந்தப் பக்கமே நின்றிருந்தார்கள். இடமும் வலமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டி இல்லை. ஒரு வாத்து மட்டும் சாலையைக் கடந்துகொண்டிருந்தது. அதுவும் சிவப்பில்தான் கடந்தது.

“வாங்க! என்னத்த பாக்கறீங்க?”

“சிவப்பு,” என்றார் ரோஸ்வித்தா.

“எனக்கும் கண்ணு இருக்கு. வண்டி ஏதாவது வருதா?”

“வரல. ஆனா சிவப்பு.”

ரோஸ்வித்தா ஜெர்மனியிலிருந்து வந்தவர். ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலையில் ஹெல்மெட்டோடு, தபால் நிலையத்தில் டோக்கன் எண்ணுக்குக் காத்திருப்பவர்போல நின்றார். அவர் பக்கத்தில் டென்மார்க்கின் பிரேபன். நிற்பதற்கு முன்பே வலது கையை உயர்த்தி, பின்னால் வருகிறவர்களுக்குத் தான் நிற்கப்போவதை அறிவித்துவிட்டுத்தான் நின்றிருந்தார். அவர் ஊரில் அப்படித்தானாம். காலையிலிருந்து அவர் கையைத் தூக்கும்போதெல்லாம், வகுப்பில் வெளியே போக அனுமதி கேட்கும் பையன் ஞாபகம்தான் லுப்பர்ட்டுக்கு வந்தது. மூன்றாவது ஆள் டெரெக், இங்கிலாந்து. சாலை போடுகிறவர்கள் அணியும் கண்கூசும் மஞ்சள் சட்டை. ஹெல்மெட்டின் உச்சியில் கேமரா. டெரெக் நின்றதற்கும் சிவப்புக்கும் சம்பந்தமில்லை. அவர் நாட்டில் காலியான சாலை என்றால் கார் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று பொருள்.

பச்சை விழுந்தது. மூன்று பேரும் கிளம்பினார்கள். டெரெக் பழக்கத்தில் பெடலைப் பின்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினார். வாடகை சைக்கிளில் பிரேக்கே அதுதான் என்பதால் நடுச்சாலையில் சட்டென்று நின்றார்.

“மன்னிக்கணும்,” என்றார், வாத்தைப் பார்த்து.

லுப்பர்ட்டுக்கு உள்ளுக்குள் அப்படியொரு நிறைவு. இதற்காகத்தான் அவர் இந்த வேலையைச் செய்கிறார். வேலை என்று சொல்லக் கூடாது, சம்பளம் கிடையாது. சைக்கிளை வைத்து ஊரை எப்படி நடத்துவது என்று பார்க்க வெளிநாட்டு நகராட்சிகள் ஆட்களை அனுப்பும். நெதர்லாந்தின் ஓல்டன்வார்ட் நகராட்சி அவர்களை லுப்பர்ட் வோல்பிரிங்கிடம் அனுப்பும். அவருக்கு எழுபத்து மூன்று வயது, ஓய்வில் இருக்கிறார், ஆங்கிலமும் ஜெர்மனும் பேசுவார். கேட்க ஆள் கிடைத்தால் போதும், ஐசல் ஆற்றங்கரை முழுவதும் பேசிக்கொண்டே மிதிப்பார். முகம் எப்போதும் பின்பக்கம் திரும்பியிருக்கும். வண்டி தானாகப் போகும்.

நடக்கக் கற்றதற்கு மறு வருஷம் சைக்கிளில் ஏறியவர். பால் ஆலையில் பாலாடைக்கட்டிப் பிரிவில் வேலை. மழையோ பனியோ, போக வர சைக்கிள்தான். ஃபென்னி அவருக்கு அறிமுகமானதும் அப்படித்தான். ஆலை வாசலில் ஓடிக்கொண்டிருந்த அவர் சைக்கிளின் கேரியரில் பக்கவாட்டில் துள்ளி ஏறி உட்கார்ந்து, “ஸ்டேஷன் வரைக்கும்” என்று சொன்ன பெண். அதிலிருந்து டபுள்ஸ்தான். கல்யாணத்துக்குப் பிறகு வீடு மாறியபோது மெத்தையைச் சைக்கிளில் கொண்டுபோனார்கள். அவர் ஓட்டினார், ஃபென்னி மெத்தைமேல் உட்கார்ந்து அதைப் பறக்காமல் பார்த்துக்கொண்டார்.

எழுபதுகளில், கார்கள் குழந்தைகளை அடித்துப்போட்டுக்கொண்டே இருந்த காலத்தில், ஊர் இளைஞர்கள் நகராட்சி வாசலில் சைக்கிள்களோடு சாலையில் படுத்து மறியல் செய்தார்கள். லுப்பர்ட்டும் படுத்தார். அதன் படம் இன்னும் நூலகத்தில் தொங்குகிறது. படத்தில் தெரிவது பெரும்பாலும் செருப்புகள்தான். எது தன்னுடையது என்று வருகிறவர்களுக்கெல்லாம் லுப்பர்ட் தொட்டுக் காட்டுவார். சில வருஷங்களாக வேறு ஜோடியைக் காட்டுகிறார் என்று ஃபென்னி சொல்கிறார்.

ஆக, சைக்கிள் பாதையென்றால் தன் சொந்த வீட்டுத் தாழ்வாரம் என்று நினைக்கிற மனிதர். அவருக்குத்தான் போன நவம்பரில் ஈர இலையில் சக்கரம் வழுக்கியது. பிப்ரவரியில் அதைவிட மோசம். நின்ற இடத்திலேயே விழுந்தார். பேட்டரி சைக்கிள் கனம். இறங்கும்போது ஒரு பக்கம் சாய்ந்தது, அவரும் கூடச் சாய்ந்தார். பேட்டரி சைக்கிள் வாங்கியது ஃபென்னியின் நச்சரிப்பால் என்றும், தான் பேட்டரியைப் போடுவதே இல்லை என்றும் ஊரில் சொல்லிவைத்திருந்தார். இரவில் சார்ஜ் ஏறும் பச்சை விளக்கைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரிக்குப் பிறகு ஃபென்னி ஒரு காரியம் செய்தார். எதிர்வீட்டுக் கிழவி இறந்தபின் சும்மா கிடந்த மூன்று சக்கர சைக்கிளை வாங்கிவந்து கொட்டகையில் நிறுத்தி, தார்ப்பாயால் மூடினார்.

“இன்னொரு தடவ விழுந்தே, அதுதான் உனக்கு,” என்றார். அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. தார்ப்பாயின் கீழே அது படுத்த மாடுபோல இருந்தது. லுப்பர்ட் கொட்டகைக்குள் போனால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

மூன்று சக்கரத்தில் போகிறவர்களுக்கு அந்த ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. எல்லோரும் அவர்களிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசுவார்கள். தாண்டிப் போகும் பள்ளிப் பெண்கள் ‘சபாஷ்’ என்பார்கள். ரொட்டிக்கடையில் வரிசையை விட்டு முன்னால் விடுவார்கள். லுப்பர்ட்டே அந்தக் கிழவியிடம் வருஷக்கணக்கில் அப்படித்தான் பேசினார். தனக்கும் அந்தச் ‘சபாஷ்’ வந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது அவருக்கிருந்த ஒரே கவலை.

அன்று காலை கிளம்பும்போது ரோஸ்வித்தா பையிலிருந்து நாலாவது ஹெல்மெட்டை எடுத்தார். இந்தப் பயணத்தின் காப்பீட்டில் விதி இருக்கிறதாம். கூட வருகிற எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும், வழிகாட்டிக்கும்.

“அம்மா, நான் பொறந்ததிலேருந்து இந்தத் தலைய இப்படியேதான் வெச்சிருக்கேன்.”

“விதில பொறந்த ஊர் பத்தி எதுவும் இல்ல, திரு. வோல்பிரிங்க்.”

ஃபென்னி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரே ஹெல்மெட்டை வாங்கி லுப்பர்ட்டின் தலையில் வைத்தார்.

“ஊர்ல பாத்தா என்ன நெனப்பாங்க?”

“ஜெர்மன்காரன்னு நெனப்பாங்க. ஒரு நாளைக்கு நெனச்சுட்டுப் போகட்டும்.”

தெருமுனை திரும்பியதும் லுப்பர்ட் அதைக் கழற்றி வாரைப் பிடித்து ஹேண்டில்பாரில் மாட்டினார். “நான் விழ மாட்டேன். ஹேண்டில்பார் விழுந்தாலும் விழும்,” என்று ரோஸ்வித்தாவிடம் விளக்கினார். ரோஸ்வித்தா சிரிக்கவில்லை. அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டதுபோல் இருந்தது.

ஆற்றங்கரையில் பண்ணைவீட்டுக் காப்பிக்கடை. ஆளுக்கு ஒரு காப்பி, காப்பிக்கு ஒரு பிஸ்கட். கடைக்காரம்மாள் டப்பாவை நீட்டிவிட்டு மூடினார். டெரெக் இரண்டாவதை எடுக்க நீட்டிய கை காற்றில் நின்றது. மறுபடி மன்னிப்புக் கேட்டார்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார் ரோஸ்வித்தா. “உங்க நாட்டுல சைக்கிள்ல போய் சாவறவங்க நெறைய பேரு. அதுலயும் பாதிக்கு மேல வயசானவங்க. தலையில அடிபட்டு. நீங்க யாரும் ஹெல்மெட் போடறதில்ல. ஏன்?”

“எங்க நாட்டுல வயசானவங்க சைக்கிள்ல இருக்காங்க, அதனால சைக்கிள்ல சாவறாங்க. உங்க நாட்டுல கட்டில்ல இருக்காங்க, கட்டில்ல சாவறாங்க. கட்டிலுக்கு ஹெல்மெட் போடறீங்களா?”

பிரேபன் சிரித்தார். “எங்க ஊர்ல பாதிப் பேரு போடறாங்க,” என்றார் மெதுவாக. “யாரும் கட்டாயப்படுத்தல. குழந்தைங்க போடும். அதப் பாத்து அப்பா அம்மாவுக்கு வெக்கமாயிருக்கும், அவங்களும் போடுவாங்க.”

“அதான் பாருங்க. உங்க ஊர்ல வெக்கப்பட்டு போடறாங்க, எங்க ஊர்ல வெக்கப்பட்டு கழட்டறாங்க.”

“எங்க ஊர்ல,” என்றார் டெரெக், “ஹெல்மெட் போட்டாலும் திட்டுவாங்க, போடலைன்னாலும் திட்டுவாங்க. நான் அதையெல்லாம் படம்பிடிச்சு வெச்சிருக்கேன்.” கேமராவைத் தட்டிக் காட்டினார். ஒரு வருஷத்தில் தன்னை நோக்கி நீண்ட விரல்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன என்றார். அவர் குரலில் ஒரு சேகரிப்பாளனின் பெருமை இருந்தது.

பிறகு பிரேபன் கேட்டார்: “வரைபடத்துல பாத்தேன், இந்தப் பாதையோட கடைசில நட்ட நடுவுல ஒரு கம்பம் இருக்காமே?”

லுப்பர்ட் காப்பியைக் கீழே வைத்தார். அந்தக் கேள்விக்காகக் காலையிலிருந்து காத்திருந்தார்.

“அது என் கம்பம்.”

கதை இதுதான். ஆற்றங்கரைச் சைக்கிள் பாதையில் சரக்கு வேன்கள் குறுக்கு வழியென்று புகுந்துகொண்டிருந்தன. லுப்பர்ட் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, பாதையின் நடுவில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பம் நடவைத்தார். சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்தது. வேன் நுழையாது, சைக்கிள் இரண்டு பக்கமும் போகலாம். ஊரில் அதற்கு ‘லுப்பர்ட்’ என்றே பெயர். ‘லுப்பர்ட்டுக்குப் பக்கத்துல நிக்கறேன் வா’ என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டு வருஷம் முன்பு நகராட்சிக்குப் புதிதாக வந்த யோரிண்டா என்ற பெண், பாதை நடுவே நிற்கும் கம்பங்களில்தான் ஆட்கள் மோதுகிறார்கள், எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டாள். லுப்பர்ட் எழுந்தார்.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘அந்தக் கம்பத்துல மோதறவனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியலன்னு அர்த்தம்’னேன். மறுநாள் பத்திரிகைல அதான் தலைப்பு. அந்தப் பொண்ணு கேட்டா, இந்த அரங்கத்துல யாராவது அதுல மோதியிருக்கீங்களா, கையத் தூக்குங்கன்னு. ஒரு கை எழும்பல! கைதட்டல்தான் எழும்புச்சு. நகராட்சிக் கணக்குலயும் அந்தக் கம்பத்துல ஒரு விபத்துகூட இல்ல. வாங்க, காட்டறேன்.”

கரைமேல் காற்று எதிராக அடித்தது. லுப்பர்ட் முன்னால். சிறிது நேரத்தில் இடது பக்கம் பிரேபன் வந்து சேர்ந்தார். கனமான வாடகை சைக்கிளில், மூச்சுக்கூட வாங்காமல், ஆற்றைப் பார்த்தபடி. அவர் போட்டிபோடவில்லை என்பதுதான் லுப்பர்ட்டைக் குத்தியது. பேட்டரியின் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். பிரேபன் இருந்த இடத்திலேயே இருந்தார். மறுபடி அழுத்தினார். உச்சத்துக்கு ஏற்றினார். சைக்கிள் பாய்ந்தது. பிரேபன் பின்தங்கினார். எவ்வளவு பின்தங்கினார் என்று பார்க்க லுப்பர்ட் திரும்பினார். ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துக் காற்றில் வீசி, “அந்த வளைவு தாண்டினா—” என்றார்.

வளைவு தாண்டியாகிவிட்டது.

சைக்கிள் கம்பத்தின் வலது பக்கமாகச் சரியாகவே போயிருக்கும். எத்தனையோ முறை தானாகப் போன வண்டி. ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்த ஹெல்மெட்டின் வார்தான் கம்பத்தின் தலையில் மாட்டியது. ஹேண்டில்பார் இடப்பக்கம் வெட்டியது, முன்சக்கரம் கம்பத்தின் அடியில் போய் மோதி மடங்கியது. லுப்பர்ட் புல்லில் போய் இறங்கினார்.

வானம் தெரிந்தது. ஒரு வானம்பாடி கத்தியது. பிறகு பிரேபனின் கை தெரிந்தது, நிற்கப்போவதை அறிவித்துக்கொண்டு. அதன்பின் ரோஸ்வித்தா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, முதலுதவிப் பெட்டியைத் திறந்து, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்.

“உங்க பேரு?”

“காலைலேருந்து கூப்பிடறீங்களே.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“புதன். நான் விழல.”

“புல்லுல படுத்திருக்கீங்க.”

“எறங்கினேன்.”

டெரெக் சைக்கிளைத் தூக்கிப் பிடித்து, “மன்னிக்கணும், ரொம்ப மன்னிக்கணும்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரிம் பிறைநிலாபோல் வளைந்திருந்தது. லுப்பர்ட் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தார். கம்பம் ஹெல்மெட் அணிந்திருந்தது. வார் சுற்றிக்கொண்டு, கச்சிதமாக, சிறிதும் கோணாமல், ரோஸ்வித்தாவே போட்டுவிட்டதுபோல உட்கார்ந்திருந்தது.

“அந்தக் கேமரா ஓடுதா?” என்றார் லுப்பர்ட்.

“அது எப்பவும் ஓடும்,” என்றார் டெரெக் பரிதாபமாக.

அப்போது அந்தப் பக்கமிருந்து ஹில்லி வந்தார். இரண்டு வீடு தள்ளி இருப்பவர். சைக்கிளின் இரண்டு பக்கமும் காய்கறிப் பை.

“என்ன லுப்பர்ட், மத்தியானத் தூக்கமா?”

“பூ பாக்கறேன்.”

“பாரு பாரு. பூ பாக்கற வயசுதான் ஒனக்கு.” ஹில்லி கம்பத்தைப் பார்த்தார், ஹெல்மெட்டைப் பார்த்தார். கம்பத்தருகே வந்தபோது இடது முழங்காலை உடம்போடு ஒட்டி உள்ளே இழுத்துக்கொண்டு, வளைந்து போனார். லுப்பர்ட் அதைக் கவனித்தார். என்ன கவனித்தோம் என்று அப்போது புரியவில்லை.

முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நாலு பேரும் நடந்தே வந்தார்கள். சிக்னலில் சிவப்பு. லுப்பர்ட்டும் நின்றார். நடந்து வருகிறவர் ஓடிக் கடக்கும் நிலையில் இல்லை.

ஃபென்னி அடுப்பில் பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். விருந்தாளிகள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். ஃபென்னி திரும்பாமலே, “பேன்ட்ல புல்லு,” என்றார்.

“ஹெல்மெட்டுதான் தள்ளிவிட்டுது.”

“தலையில இருந்திருந்தா தள்ளியிருக்குமா?”

“அது வேற கேள்வி.”

“எதுல மோதினே?”

லுப்பர்ட் பேன்ட்டிலிருந்த புல்லைத் தட்டினார். ஃபென்னி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இன்னும் மோசமான ஒன்று இருந்தது, சிரிப்பு.

“உன்மேலயேவா?”

“காத்து அடிச்சுது.”

“ஏம் மனுஷா, இங்க பாரு.” ஃபென்னி பாவாடையைத் தூக்கி இடது முழங்காலைக் காட்டினார். பழைய, வெளுத்த தழும்பு. “இது என்ன?”

“அடுப்புல இடிச்சுக்கிட்டது. நீதான் சொன்னே.”

“அடுப்பு எங்க இருக்கு, என் முழங்கால் எங்க இருக்கு? உன் கம்பத்துல இடிச்சுது. ரொட்டி வாங்கப் போனப்ப. அப்புறம் ஊர்க்கூட்டத்துல நீ எந்திரிச்சு அந்த வசனத்தப் பேசினே. நான் மூணாவது வரிசைல ஒக்காந்திருந்தேன். முழங்கால் எரிஞ்சுது. கையத் தட்டினேன்.”

லுப்பர்ட் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நீ மட்டுமா?”

“ஹில்லி ரெண்டு தடவ. ரொட்டிக்கடைக்காரர் தோள்பட்ட. போதகரோட முன்பல்லு.”

“அது வால்நட் கடிச்சு போச்சுன்னாரே!”

“போதகர்னா பொய் சொல்ல மாட்டாரா? மோதினவனுக்கு ஓட்டத் தெரியாதுன்னு நீ பத்திரிகைல போட்டப்புறம் எவன் வாயத் தொறப்பான்? ஆஸ்பத்திரில கேட்டா மாடிப்படின்னு சொல்றாங்க. இந்த ஊர்ல மாடிப்படில விழறவங்க ஜாஸ்தின்னு டாக்டர் ஆச்சரியப்படறாராம். பாதி வீட்ல மாடியே இல்ல.”

சூப் கொதித்தது. ஃபென்னி தீயைக் குறைத்தார்.

“இப்ப கேளு. கம்பத்துமேல தப்புன்னா இந்தத் தடவ விழுந்தது கணக்குல இல்ல. ரெண்டு சக்கரம் உனக்கு. கம்பத்துமேல தப்பு இல்லன்னா தப்பு உன்மேல. கொட்டாயில தார்ப்பாய எடுத்துடறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு. சொல்றத எங்கிட்ட சொல்லாத, யோரிண்டாகிட்ட சொல்லு.”

நடைவழியில் தொலைபேசி. லுப்பர்ட் எண்ணை அழுத்தினார். கம்பத்தைக் குறை சொன்னால் ஊர் முழுக்கச் சிரிக்கும். சொல்லாவிட்டால் ஊர் முழுக்கச் சபாஷ் சொல்லும். மணி அடிக்கும் நேரத்துக்குள் அவருக்கு ஒரு மூன்றாவது வழி கிடைத்துவிட்டது.

“யோரிண்டா? லுப்பர்ட் வோல்பிரிங்க் பேசறேன். அந்தக் கம்பத்த எடுத்துடலாம்மா.”

“சார், நீங்கதானா பேசறீங்க?”

“நான்தான். இன்னிக்கு ஒரு விபத்து. வெளிநாட்டு விருந்தாளி. ஜெர்மன்காரம்மா. பாவம், அவங்களுக்குப் பழக்கமில்ல. நமக்குப் பரவால்ல, வர்றவங்களுக்காகவாவது…”

நடைவழியின் கோடியில் ரோஸ்வித்தா நின்றிருந்தார். கொடுத்த ஹெல்மெட்டுகளைத் திரும்ப வாங்கிப் பையில் அடுக்க வந்தவர். தன் ஹெல்மெட்டை இன்னும் கழற்றவில்லை. முகம் சுளிக்கவில்லை, தலையாட்டவும் இல்லை. காலையில் காலியான சாலை முன்னால் நின்றமாதிரியே நின்றார். எவ்வளவு நேரமானாலும் நிற்கப்போகிறவர் என்பது தெரிந்தது.

“அய்யோ, பலமான அடியா சார்? ஆஸ்பத்திரில சேத்திருக்கா? அவங்க பேரு?” என்றாள் யோரிண்டா.

லுப்பர்ட் ரோஸ்வித்தாவைப் பார்த்தார். ரோஸ்வித்தா லுப்பர்ட்டைப் பார்த்தார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

“பேரு…” என்றார் லுப்பர்ட். “நான்தான்.”

“என்ன சார்?”

“மோதினது நான்தான்னு சொல்றேன். நல்லாதான் கேக்குது இல்ல? நான். என் கம்பத்துல.”

“பதிவு பண்ணிக்கட்டுமா சார்?”

“பண்ணிக்கோ.”

“வயசு?”

“எழுபத்து மூணு.”

“மின்சார உதவி இருக்கற சைக்கிளா?”

லுப்பர்ட் மூச்சு விட்டார். “ஆமா.”

“போட்டிருந்தீங்களா, அணைச்சிருந்தீங்களா?”

“போட்டிருந்தேன்.”

“சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“அதையுமா கேக்கறாங்க?”

“இல்ல சார்,” என்றாள் யோரிண்டா. “அது நான் கேக்கறேன். ரெண்டு வருஷமா வெச்சிருந்தேன்.”

லுப்பர்ட் தொலைபேசியை வைத்தபோது ரோஸ்வித்தா பையை மூடிக்கொண்டிருந்தார். நாலாவது ஹெல்மெட்டை, கம்பம் அணிந்திருந்ததை, மேசைமேல் தனியாக வைத்தார்.

“இத நீங்களே வெச்சுக்கங்க. ஒரு தடவ மோதின ஹெல்மெட்ட மறுபடி தலையில போடக் கூடாது. விதி.”

“அது மோதறப்ப உள்ள தலையே இல்லியே.”

“விதில தலையப் பத்தி எதுவும் இல்ல, திரு. வோல்பிரிங்க்.”

ஐந்து பேரும் சூப் குடித்தார்கள். டெரெக் இரண்டாவது கரண்டி கேட்டார். ஃபென்னி ஊற்றினார்.

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் தூறல். எட்டரைக்கு நகராட்சியிலிருந்து இரண்டு பேர் சின்ன லாரியில் ஆற்றங்கரைப் பாதை வழியாகவே வந்து கம்பத்தைப் பிடுங்கினார்கள். குழியைச் சிமென்ட் போட்டு அடைத்தார்கள். ஹில்லி, ரொட்டிக்கடைக்காரர், போதகர், இன்னும் ஏழெட்டுப் பேர் குடையோடு நின்று பார்த்தார்கள். யோரிண்டா வந்திருந்தாள். வேறு யாராவது இதில் எப்போதாவது மோதியிருக்கிறீர்களா, பதிவுக்காகத்தான் கேட்கிறேன் என்றாள். யாரும் மோதியிருக்கவில்லை. கம்பத்தின் பேரில் ஒரு விபத்து பதிவானது. லாரி திரும்பிப் போகாமல், இப்போது வழி இருந்ததால், நேராக ஆற்றங்கரை வழியே போயிற்று.

ரிம் மாற்ற ஒரு வாரமாகும் என்று சைக்கிள் கடையில் போனிலேயே சொன்னார்கள். சக்கரத்தைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் சக்கரத்தை ஏற்ற விடவில்லை. லுப்பர்ட் கொட்டகையில் தார்ப்பாயை எடுத்தார். வளைந்த சக்கரத்தை மூன்று சக்கர சைக்கிளின் பின்கூடையில் வைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் அவரிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசினார். திரும்பி வரும்போது சிக்னலில் சிவப்பு விழுந்தது. நின்றார். ஒரு பள்ளிப் பெண் அவரைத் தாண்டிச் சிவப்பில் கடந்து போனாள். போகும்போது ஏதோ சொன்னாள்.

பதினொன்றரை ரயிலில் மூன்று பேரும் கிளம்பினார்கள். கேமராவில் பதிந்த படத்தை அழித்துவிட்டதாக டெரெக் செய்தி அனுப்பினார். மன்னிப்பும் கேட்டிருந்தார். மத்தியானம் ஒரு சரக்கு வேன் ஆற்றங்கரைப் பாதை வழியே போனதாக ஹில்லி வந்து சொன்னார். ராத்திரிக்கு மீந்த சூப்பையே சுட வைத்துக் குடித்தார்கள்.